சாயுற இறக்கைக்கு முட்டுக்கொடு

வேலூர் லாங்கு பஜாருக்குள் சரக்கு லாரி நுழைவதைப் பார்த்திருக்கிறீர்களா? கிளீனர் லாரிக்கு முன்னால், டிரைவரைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே நடந்து வழிகாட்டுவார். வலது, இடது என்ற பேச்சே அவர் வாயில் வராது. அவருடைய வலது டிரைவருக்கு இடது. அதனால் கையைக் காட்டி, "இந்தப் பக்கம்... இன்னும் கொஞ்சம்... போதும்" என்பார்.

ரிமோட் விமானம் ஓட்டப் பழகியபோது நான் பட்ட பாட்டில் பாதி, அந்தக் கிளீனருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாததால் வந்தது. விமானம் என்னை விட்டு விலகிப் போகும்வரை தொல்லை இல்லை. திரும்பி என்னை நோக்கி வந்ததும் எல்லாம் தலைகீழ். இடது பக்கம் ஒதுங்குகிறதே என்று ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால், அது இன்னும் இடது பக்கமே சாயும். பயத்தில் இன்னும் தள்ளுவேன், இன்னும் சாயும். வறண்ட ஏரித் தரையில் 'பொத்'தென்று ஒரு சத்தம். அப்புறம் தெர்மோகோல் பொறுக்கும் வேலை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் ராணிப்பேட்டையில் ஆலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் அவர் அண்ணாதான். வலது இடது என்று யோசிக்கிறவன் தாமதமாகத்தான் யோசிப்பான் என்பது அவர் கட்சி. "எதிர்ல வரும்போது எந்த இறக்கை கீழ தொங்குதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைக் கொண்டுபோ. சாயுற செவுத்துக்கு முட்டுக்கொடுக்கற மாதிரி நெனச்சுக்கோ." எதிரே வரும் விமானத்தில் என் வலது பக்கம் தெரிவது அதன் இடது இறக்கை. அது தாழ்ந்திருந்தால், நிமிர அது வலது பக்கம் உருள வேண்டும். ஸ்டிக் வலதில். மனத்துக்குள் விமானத்தைத் திருப்பிப் பார்க்காமலே விடை வந்துவிடுகிறது.

யோசிக்க ஏன் நேரமில்லை? பார்த்துப் புரிந்து கை அசைய நமக்குக் கால் நொடியாவது ஆகும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் விமானம் அதற்குள் 5 மீட்டர் கடந்துவிடும். பத்தடி உயரத்தில் பறக்கும்போது 5 மீட்டர் என்பது பெரிய தூரம்.

கண்ணும் ஏமாற்றும். ஒன்றரை மீட்டர் அகல இறக்கை கொண்ட விமானம் 300 மீட்டர் தள்ளிப் போனால், முழுநிலவின் விட்டத்தில் பாதி அளவுதான் தெரியும். அதுவும் வெறும் கறுப்பு நிழல். வருகிறதா போகிறதா, அடிப்பக்கம் தெரிகிறதா மேல்பக்கமா என்று சொல்லவே முடியாது. வேலூரைச் சுற்றி மலை. அந்தப் பாறைப் பின்னணிக்கு எதிரே பழுப்பு நிற விமானத்தை ஓட்டிவிட்டுப் பிறகு தேடியவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. புது ஆள் விமானத்துக்கு அடியில் பளீர் ஆரஞ்சும் மேலே வெள்ளையும் அடிக்கச் சொல்வதும், சூரியனைக் குறுக்கே கடக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

சரி, இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மூக்கு தாழ்ந்தால் தூக்கத் தோன்றுவது.

காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் கூடக்கூட அதைத் தூக்கும் விசையும் கூடும். ஆனால் ஏறக்குறைய 15 டிகிரி தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடும். தூக்கும் விசை சட்டென்று சரியும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். மோட்டார் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முழு வேகத்தில் சுற்றும் மோட்டாரோடும் ஸ்டால் ஆகலாம். ஸ்டாலான விமானம் மூக்கைக் கவிழ்க்கும். பார்க்கிற நமக்கு விழுகிறதே என்று பதறி ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கத் தோன்றும். இழுத்தால் கோணம் இன்னும் கூடும், ஸ்டால் இன்னும் ஆழமாகும். செய்ய வேண்டியது நேர் எதிர்: ஸ்டிக்கை முன்னால் விட்டு, விழ விட்டு, வேகம் வந்ததும் மெதுவாக எடுப்பது. விழுகிற பொருளை இன்னும் விழ விடு என்றால் எந்தக் கை கேட்கும்?

திரும்பும்போது ஆபத்து கூடுகிறது. சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கை, எடையைத் தாங்குவதோடு உள்பக்கம் இழுக்கவும் வேண்டும். 60 டிகிரி சாய்வில், உயரம் குறையாமல் திரும்ப வேண்டுமென்றால், அது இரண்டு மடங்கு எடையைச் சுமக்கிறது. நேராகப் பறக்கும்போது நொடிக்கு 8 மீட்டருக்குக் கீழே ஸ்டால் ஆகும் விமானம், அந்தச் சாய்வில் 11 மீட்டருக்கு மேலே இருந்தாலே தப்பும்.

இதோடு காற்றையும் சேருங்கள். ஒன்பது மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடும். நொடிக்கு 4 மீட்டர் காற்று முதுகில் தள்ள, 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் தரையைப் பொறுத்து 14 மீட்டரில் ஓடும். "ஐயோ, ரொம்ப வேகமாப் போகுதே" என்று த்ராட்டிலை, அதாவது மோட்டாரின் வேகத்தை, குறைப்பான் பையன். இறக்கைக்குத் தரை தெரியாது, காற்றுதான் தெரியும். அதன் கணக்கில் வேகம் 10-லிருந்து எட்டுக்கு இறங்கிவிட்டது. அப்போது பார்த்துத் தரையிறங்கத் திருப்புவான். எங்கள் மைதானத்தில் உடைந்தவற்றில் முக்கால்வாசி அந்தக் கடைசித் திருப்பத்தில்தான் உடைந்தன என்று தாராளமாகச் சொல்வேன். கணக்கு எழுதி வைத்ததில்லை.

வேலூர் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் ஊர். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடிக்கும்போது, கடல்மட்டத்தில் 15 டிகிரியில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தாங்க விமானம் 5 சதவீதம் கூடுதல் வேகத்தில் போக வேண்டும், அதே நேரம் புரொப்பெல்லரின் இழுவையும் குறைகிறது. மே மாதத்தில் காலை ஆறு மணிக்கே மைதானத்தில் நிற்பது வெறும் சோம்பல் இல்லாமைக்கு அடையாளம் அல்ல.

இத்தனையையும் கைக்குப் பழக்கும்வரை விமானம் உடையாமல் இருக்க வேண்டுமே. அதற்கு இரண்டு வழி. ஒன்று, விமானத்தின் வடிவம். பயிற்சி விமானத்துக்கு இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும். இரு முனையும் சற்றுத் தூக்கியிருக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் விமானம் அந்தப் பக்கமாக வழுக்கும். தாழ்ந்த இறக்கைக்கு அப்போது காற்று கொஞ்சம் கூடுதல் கோணத்தில் கிடைக்கும், அது தானாக மேலே வரும். அண்ணா அடிக்கடி "கையை எடு தம்பி!" என்று கத்துவது திட்டு இல்லை, சரியான மருந்து. உயரம் இருந்தால் விமானமே தன்னைத் திருத்திக்கொள்ளும். மூன்று தப்பு செய்தாலும் மிச்சம் இருக்கிற உயரத்தில் பற என்பார்.

இரண்டாவது, பட்டி பாக்ஸ். இரண்டு ரிமோட்டை ஒயரால் இணைத்து, ஒன்றைப் பழகுகிறவரிடம் கொடுப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் தன் ரிமோட்டில் ஒரு சுவிட்சைப் பிடித்து இழுத்திருக்கும்வரைதான் மாணவருக்குக் கட்டுப்பாடு. ஸ்பிரிங் வைத்த சுவிட்ச் அது. விரலை விட்டால் விமானம் ஆசிரியர் கைக்கு வந்துவிடும். எந்தப் பக்கம் விட்டால் பாதுகாப்பு என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆசிரியர் பதறினாலும் விரல் விடும், விமானம் பிழைக்கும். பயந்த கை இயல்பாகச் செய்வதே இங்கே சரியான செயல் ஆகிவிடுகிறது.

மைதான விதிகளை நான் முதலில் சடங்கு என்றுதான் நினைத்தேன். 10 அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 430 கிலோமீட்டரில் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு, பேட்டரி செருகிய விமானத்தின் முன்னால் நிற்கவில்லை. ஒன்றரைக் கிலோ விமானம் நொடிக்கு 20 மீட்டரில் வந்தால் அதன் ஆற்றல் 300 ஜூல். மணிக்கு 144 கிலோமீட்டரில் வீசிய கிரிக்கெட் பந்துக்கு அதில் பாதிகூட இல்லை. அதனால்தான் ஓட்டுகிறவர்கள் ஒரே கோட்டில் நிற்க, விமானங்கள் எப்போதும் கோட்டுக்கு முன்னால் மட்டுமே. பின்னால் வேடிக்கை பார்க்கிறவர்கள், பைக்குகள், டீக் கேன்.

முதலில் ரிமோட் ஆன், பிறகு விமானம். அணைக்கும்போது முதலில் விமானம், பிறகு ரிமோட். விமானம் ஒரு நொடிகூட எஜமான் இல்லாமல் விழித்திருக்கக் கூடாது. இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. முன்பு அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் மாட்டும் காலத்தில் ஒரே அலைவரிசையில் இருவர் ஆன் செய்தால் மேலே பறப்பது விழும். அதற்காகப் பலகையில் அலைவரிசை எழுதிய துணிக் கிளிப் மாட்டி வைப்பார்கள். கிளிப் யார் சட்டையில் இருக்கிறதோ அவர் மட்டும் ஆன் செய்யலாம். அழகான ஏற்பாடு.

பறக்கும் முன் ஏலரான், அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல், சரியான பக்கம் அசைகிறதா என்று பார்ப்பதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். அதை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவை மாற்றியிருந்தேன். ஸ்டிக்கை ஆட்டினேன், அசைந்தது, திருப்தி. எந்தப் பக்கம் அசைந்தது என்று பார்க்கவில்லை. தரையை விட்டு எழும்பிய இரண்டாவது நொடி முட்டுக்கொடுத்தேன், செவுரு என் மேலேயே விழுந்தது. இப்போது கட்டைவிரலை மேல்நோக்கி நிறுத்தி ஸ்டிக்கைப் பிடித்துச் சாய்ப்பேன். விரல் சாயும் பக்கத்து ஏலரான் மேலே எழும்ப வேண்டும்.

விமானத்தில் இருக்கும் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் தாண்டக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. வெயிலில் பூட்டிய காருக்குள் அதை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவே கூடாது. உள்ளே சூடேறி ஒரு செல் பற்றினால் அடுத்ததையும் பற்றவைக்கும்.

சட்டமும் உண்டு. 2021 ஆகஸ்ட் 25-ல் வெளியான ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரைதான் உயரம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 60 மீட்டர். நமக்கு அப்துல்லாபுரத்தில் இருக்கும் வேலூர் விமான நிலைய ஓடுதளம் பக்கத்தில். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம், கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் எழும்பும் இடம். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் சிவப்பு என்று காட்டினால் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

போன ஞாயிறு, பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தனியாக இறக்கினான். கடைசித் திருப்பத்தில் காற்று ஒரு இறக்கையைத் தூக்கியது. அவன் வாய் "வலது" என்றது, கை இடதுக்குப் போனது. அண்ணா சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை. விமானம் ஏரி மண்ணில் இரண்டு குதி குதித்து நின்றது.

"வாய் தப்பாச் சொன்னா பரவால்ல," என்று சொல்லிவிட்டு அண்ணா டீக் கேனைத் திறந்தார்.