ரப்பர் வண்டு வீட்டுக்குத் தூங்கத்தான் வருகிறது

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கோடையின் முதல் மழை பெய்த சாயங்காலம் டியூப்லைட்டைப் போட்டால் போதும், கறுப்பு வண்டு கூட்டமாக வந்து விழும், சோற்றுத் தட்டில், தலைமுடியில், தொட்டிலில். நாம் ரப்பர் வண்டு என்கிறோம், கேரளத்தில் முப்ளி வண்டு, அறிவியல் பெயர் லூப்ரோப்ஸ் டிரிஸ்டிஸ்.

முதலில் அதுதானா என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், கறுப்பு நிறம், தொட்டால் மூக்கைத் துளைக்கும் நெடி. அரிசி டப்பாவில் ஊர்கிற, நீண்ட மூக்கு வைத்த 3 மில்லிமீட்டர் வண்டு வேறு; அது அரிசிக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகுவது.

ரப்பர் வண்டு அரிசியையும் தொடாது, உத்தரத்தையும் அரிக்காது. அதன் சாப்பாடெல்லாம் தோட்டத்தில்தான். மார்கழி, தை வாக்கில் ரப்பர் இலை உதிர்ந்து மெத்தை மாதிரி கிடக்குமே, அதற்குள் முட்டையிட்டு, வாடி விழுகிற இளந்தளிரைத் தின்று, புழுவும் வண்டுமாகப் பெருகுகிறது. கோடை மழையில் சருகு நனைந்ததும் கூட்டமாகக் கிளம்பி, விளக்கைப் பார்த்துப் பறந்து வந்து, ஓட்டுக்கும் அதன் அடியிலுள்ள பலகைத் தட்டுக்கும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்துகொள்ளும். எட்டு ஒன்பது மாதம் தின்னாமல் ஒரே உறக்கம், அடுத்த இலையுதிர்வுக்குத்தான் திரும்பப் போகும். கேரளத்து ஆய்வாளர்கள் ஒரே வீட்டில் 5 லட்சம் முதல் 40 லட்சத்துக்கு மேல் வரை கணக்கிட்டிருக்கிறார்கள்.

கடிக்காது. ஆனால் நசுக்கினால் சுரப்பியிலிருந்து காரமான ஒரு நீர் வரும், தோலில் பட்டால் எரிந்து சிவக்கும். கழுத்தில் ஊர்ந்தால் அறையாமல் தட்டிவிடுங்கள், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மருந்தடிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. செத்தது பலகைத் தட்டிலிருந்து நாள் கணக்கில் உதிரும், மறுநாள் மழைக்குப் புதுக் கூட்டம் வரும், மருந்து வாடை நமக்குத்தான் மிச்சம். அந்தச் சில சாயங்காலங்களில் இருட்டியதும் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி முற்றத்து மூலையில் ஒரு பல்பைப் போட்டு, அடியில் சோப்புத் தண்ணீர் நிரம்பிய அண்டாவை வையுங்கள், வருவதில் பெரும்பங்கு அதில் விழும். தப்பி உள்ளே வந்ததை வாரியலால் கூட்டி அதே தண்ணீரில் தள்ளுங்கள். அப்புறம் ஜன்னலுக்குக் கொசுவலை, சுவரும் ஓடும் சேரும் இடத்துச் சந்துக்குச் சிமென்ட். வலையும் பூச்சும் மாசிக்குள் முடியவேண்டும், உள்ளே அடைந்தபிறகு பூசினால் வண்டைப் பூட்டி வைத்த கதைதான்.

தோட்டத்துச் சருகை மொத்தமாகக் கூட்டச் சொன்னால் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார், மண்ணுக்கு அது உரமாச்சே. வீட்டை ஒட்டிய பகுதியை மட்டுமாவது, மழைக்கு முன்பே கூட்டி அள்ளச் சொல்லிப் பாருங்கள்.