குட்டை முடி நாய்க்கு எதற்கு பிரஷ்?

முடி குட்டை, அதனால் வீட்டில் கொட்டாது என்று நம்பித்தான் பலரும் சிப்பிப்பாறை அல்லது முதோல் வேட்டை நாயை வாங்குகிறார்கள். பெங்களூர் அல்சூரில் அடுக்குமாடி வீட்டில் அதை வளர்க்கும் தமிழரிடம் கேட்டால், பேசாமல் சோபாவைக் காட்டுவார்.

முடிக்கும் ஆயுள் உண்டு. பூடில் வகை நாய்க்கு வளரும் கட்டம் நீளம். அதனால்தான் அதற்கு அடிக்கடி முடி வெட்ட வேண்டியிருக்கிறது. குட்டை முடி வேட்டை நாய்க்கு அந்தக் கட்டம் சீக்கிரமே முடிந்துவிடும். அப்புறம் டெலோஜன் என்னும் ஓய்வுக் கட்டம். ஓய்விலிருக்கும் முடிக்கு வேரில் பிடிப்பு குறைவு. அடியில் புது முடி கிளம்பியதும் பழையது கழன்றுவிடும். குட்டையாக, விறைப்பாக இருப்பதால் அது துணிக்குள் ஊசி மாதிரி குத்தி நிற்கிறது.

பகல் நீள்வதையும் குறுகுவதையும் வைத்துத்தான் நாயின் உடம்பு முடி உதிர்க்கும் பருவத்தைக் கணிக்கிறது. பெங்களூரில் வருஷம் முழுக்கவே பகலின் நீளம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் மாறும். போதாததற்கு இரவு 11 மணி வரை வீட்டில் விளக்கு எரிகிறது. உதிர்வு ஒரு பருவத்தோடு நிற்காமல் ஆண்டு முழுக்கப் பரவிவிடுகிறது.

இதற்கு ரப்பர் பிரஷ் போதும். ரப்பர் முடியோடு உரசும்போது பிடிப்பில்லாத முடி மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். வளரும் முடி வேரோடு நிற்கும். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. சிப்பிப்பாறைக்குத் தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு, சீக்கிரம் கீறிவிடும். தேய்க்கும்போது இன்னொரு வேலையும் நடக்கிறது: தோல் சுரப்பிகளிலிருந்து வரும் எண்ணெய் முடி நெடுகப் பரவுகிறது. பளபளப்பு அதனால்தான் வருகிறது. சிலர் மேலே தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். நாய் அதை நக்கித் தீர்க்கும், மிச்சத்தில் தூசி ஒட்டும்; அவ்வளவுதான் பலன்.

தோல் சுரக்கும் எண்ணெயைக் கழுவிவிடுவதால்தான் வாராவாரம் குளிப்பாட்டுவது தப்பு. அழுக்கானால், நாற்றமடித்தால் குளிப்பாட்டலாம். மனிதத் தோல் அமிலத்தன்மை கொண்டது, பிஎச் (அமில-கார அளவு) சுமார் 5. நாயின் தோல் 7-ஐ ஒட்டியது. ஆகவே நம் ஷாம்பு வேண்டாம் என்பார்கள். என்னைக் கேட்டால் பிஎச்சைவிட, எண்ணெயை ஒட்டுமொத்தமாக வழிக்கும் கடுமையான ஷாம்புதான் பெரிய தொல்லை. போர்வெல் தண்ணீர் என்றால் சோப்புக் கட்டியும் வேண்டாம். கடின நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து சோப்பு பிசுக்காகி முடியில் படியும். காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தப் பாடு குறைவு.

நாயின் செவிக்குழாய் எல் வடிவில் வளைந்தது. பீகிள் போலக் காது தொங்கினால் உள்ளே ஈரம் தங்கி ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகும். குளித்ததும் காதைத் துடைத்துவிடுங்கள்.

தேய்க்கும்போதே விரல் இடுக்கிலும் காது மடலிலும் உண்ணி தேடுங்கள். குட்டை முடியில் இது சுலபம். பழுப்பு நிற ‘நாய் உண்ணி’ எர்லிக்கியா என்ற பாக்டீரியாவைப் பரப்பும். காய்ச்சல் வரும், ரத்தத் தட்டணுக்கள் குறையும். உண்ணியை விரலால் நசுக்காமல், சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.