ஒரே இருட்டு, வேறு வேறு வண்டுகள்

தெற்குச் சீனாவின் குவாங்சி பகுதியில் ஒரு சுண்ணாம்புக்கல் குகையில் கிடைத்த வண்டுக்கு, 2017-இல் ஷுயேடைட்டீஸ் பெல்லஸ் என்று பெயர் வைத்தார்கள். நீளம் 9 மில்லிமீட்டர்கூட இல்லை. கண் கிடையாது, உடம்பில் கருமை கிடையாது, பறக்கவும் முடியாது. தலையையும் மார்பையும் யாரோ பிடித்து இழுத்துவிட்டதுபோல் இருக்கும். பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரனீஸ் மலைக் குகைகளிலும் அஃபீனாப்ஸ் என்ற ஒல்லி வண்டுகள் இதே சாயலில் உண்டு. இரண்டுமே தரை வண்டுக் குடும்பம்தான். ஆனால் அந்தச் சாயலை வைத்து நெருங்கிய சொந்தம் என்று முடிவுகட்டினால் தப்பு. அது பரம்பரையாக வந்ததல்ல, இருட்டு கொடுத்தது.

வெளிச்சமே இல்லாத இடத்தில் கண் பழுதாகிப் பிறக்கும் வண்டுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அதனால் அந்தப் பழுது களையப்படாமல் தலைமுறை தலைமுறையாகச் சேர்கிறது. மாறாக, நீண்ட காலும் உணர்கொம்பும் இருந்தால் தடவியும் மோப்பம் பிடித்தும் இரை தேடலாம். அமெரிக்காவில் கென்டக்கியின் மாமத் குகையில் வாழும் ஒரு குருட்டுத் தரை வண்டு, குகை வெட்டுக்கிளி மணலுக்குள் புதைத்த முட்டையைத் தோண்டித் தின்கிறது. கண் இருந்தும் அங்கே என்ன பயன்?

பிடிப்பது பொறுமையான வேலை. தலைவிளக்கோடு கல்லைப் புரட்டிப் பார்ப்பார்கள். அல்லது வாடை வீசும் இரையை உள்ளே வைத்து, தரைமட்டத்தில் கோப்பையைப் புதைப்பார்கள். மறந்து விட்டுவந்த கோப்பை வண்டுகளைக் கொன்றுகொண்டே இருக்கும், அதில் கவனம் வேண்டும். வெளியே உலர்ந்த காற்றில் தாங்காத இந்தப் பூச்சிகள் பக்கத்துக் குகைத்தொகுதிக்குக்கூடப் போக முடியாமல் தனித்தனி இனமாகப் பிரிந்துவிடுகின்றன. புது இனம் இன்னும் கிடைத்துக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, கிடைத்தது புதுசு என்று எப்படிச் சொல்வது? உருவத்தை நம்ப முடியாது. அதனால் இருட்டு அவ்வளவாகக் கைவைக்காத உறுப்புகளைப் பார்க்கிறார்கள். தலையிலும் முதுகு ஓட்டிலும் உள்ள உணர்மயிர்கள் எத்தனை, எந்த இடத்தில் என்பது ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியம் ஆணின் இனப்பெருக்க உறுப்பு. நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும் இந்தக் கடினமான குழாயின் வளைவும் நுனியும் பெரும்பாலும் இனத்துக்கு இனம் மாறும். அதைப் பிரித்தெடுத்து, வண்டு குத்தியிருக்கும் ஊசியிலேயே ஒரு சின்ன அட்டையில் ஒட்டிவைப்பார்கள்; இல்லையென்றால் எது யாருடையது என்று தெரியாமல் போய்விடும். பெண் மட்டும் சிக்கினால் பாவம், அந்த ஆய்வாளர்.

அப்புறம் டிஎன்ஏ. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிரனீஸ் குகைகளில் உள்ள இந்தத் தரை வண்டுகள் எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்றும், அந்தக் கிளை சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடிக்குப் போனது என்றும் காட்டியது. கூடவே இன்னொன்றையும் சொன்னது: அஃபீனாப்ஸ் என்று ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே தொகுதியில், அடைத்தவை உண்மையில் ஒரே கிளை அல்ல. ஒல்லி உடம்பு அங்கேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றியிருக்கிறது. உருவத்தை வைத்துப் போட்ட பட்டியலை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

கடைசியில் பெயர். மாதிரி வண்டு ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்து, விவரத்தை அச்சிட்டால் அது நிலைக்கும், பிடிக்கிறதோ இல்லையோ. ஸ்லோவேனியாவின் குருட்டு வண்டு ஒன்றுக்கு 1937-இல் அனோஃப்தால்மஸ் ஹிட்லெரி என்று வைத்தார்கள். பெயர் அருவருப்பாக இருக்கிறது என்பதற்காக மாற்ற விதியில் இடமில்லாததால், வண்டு இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. அந்தப் பெயருக்காகவே அதைத் தேடி வேட்டையாடும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள்.