ரேடியோ பெட்டிக்குள் ஒரு கணினி, அதற்குள் ஒரு காற்று வழி

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் வால்வு ரேடியோ பெட்டி பல வருடமாகக் கிடந்தது. உள்ளே இருந்த சேசிஸும் ஸ்பீக்கரும் எப்போதோ கழற்றப்பட்டுவிட்டன. மிஞ்சியவை மரக்கூடு, முன்பக்கத்து ஸ்பீக்கர் துணி, அலைவரிசை எண்கள் எழுதிய கண்ணாடி, இரண்டு குமிழ்கள். அப்புறம் பின்பக்கத்தை மூடும் ஓர் அழுத்த அட்டை. அந்த அட்டை முழுக்க வட்ட ஓட்டைகள். சிறுவயதில் அவற்றின் வழியே எட்டிப் பார்த்தால் வால்வுகள் செம்மஞ்சளாக ஒளிர்வது தெரியும்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு கணினியைக் கட்ட வேண்டும் என்று போன வருடம் இறங்கினேன். இடம் போதுமா என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை. டேப் வைத்து அளந்தேன். உட்புறம் 34 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரம், 18 செ.மீ. ஆழம். கிட்டத்தட்ட பதின்மூன்றரை லிட்டர். சிறிய கணினி கட்டுபவர்கள் பெட்டியை லிட்டரில்தான் சொல்வார்கள். 20 லிட்டருக்குள் இருந்தால் சிறியது என்பது பொதுவான கணக்கு. கடைகளில் கிடைக்கும் வழக்கமான கேபினெட் 40 லிட்டரைத் தாண்டும்.

இடம் பெரிய சிக்கலாக இல்லை. கணினியின் பாகங்களையெல்லாம் தாங்கி இணைக்கும் பலகை மதர்போர்டு. இன்டெல் 1995-இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் மதர்போர்டு 30.5 செ.மீ. நீளம், 24.4 செ.மீ. அகலம். தைவானின் வியா நிறுவனம் 2001-இல் மினி ஐடிஎக்ஸ் என்ற அளவைக் கொண்டுவந்தது. அது 17 செ.மீ. சதுரம், அவ்வளவுதான். கணக்குப் போடும் பிராசசர், தற்காலிக நினைவகமான ரேம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி எல்லாமே அந்தச் சதுரத்தில் உட்கார்ந்துவிடும். என் பெட்டியில் அதை வலது பக்கம் தரையில் படுக்க வைத்தேன். இடது பாதி காலியாகவே இருந்தது. அந்தக் காலியிடத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. ரேடியோ செய்தவர்கள் பின்னட்டையில் அத்தனை ஓட்டை போட்டது ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஒரு கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் முடியும். மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிறது, பல்பு வெளிச்சம் தருகிறது. கணினி செய்யும் கணக்கில் அப்படி வெளியே போகும் ஆற்றல் எதுவும் கிடையாது. 100 வாட் உள்ளே போனால் 100 வாட் சூடு வெளியே வந்தாக வேண்டும். அதிலும் சூடு பிறக்கும் இடம் மிகச் சிறியது. நான் போட்ட ரைசன் 5 5600ஜி பிராசசரின் சிலிக்கான் துண்டு சுமார் 180 சதுர மி.மீ. அட்டைப் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் அது 88 வாட் வரை எடுத்துக்கொள்ளும். ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 49 வாட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு 200 சதுர செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அங்கே ஒரு சதுர செ.மீ.க்கு 5 வாட்தான். சட்டையைத் தேய்க்கும் தகட்டைவிடப் பத்து மடங்கு நெருக்கமான சூடு, ஒரு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டில்.

அந்தச் சூட்டை அங்கிருந்து தூக்கிக்கொண்டு போவது ஹீட் பைப். பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டைக் காற்றில் விடும் தகட்டு அடுக்கான ஹீட்சிங்கில் வளைந்து வளைந்து போகும் செம்புக் குழாய்கள் கெட்டியான கம்பி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அவை உள்ளே கூடானவை. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் அவ்வளவு குறைவாக இருப்பதால் நாற்பது, ஐம்பது டிகிரியிலேயே அந்தத் தண்ணீர் ஆவியாகிறது. ஆவி குழாயின் மறுமுனைக்கு ஓடி, அங்கே தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகிறது. திரும்பி வரும் வழி அழகானது. குழாயின் உட்சுவரில் செம்புத் தூளைச் சுட்டு ஒட்டியிருப்பார்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தப் படலம் நீரைச் சூடான முனைக்கு இழுத்து வரும். மோட்டாரும் இல்லை, சத்தமும் இல்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டியபோது விண்வெளிக் கலங்களின் தேவைதான் மனதில் இருந்தது.

எவ்வளவு தண்ணீர் ஆவியாக வேண்டும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வெப்பநிலையில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2400 ஜூல் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொள்ளும். 88 வாட் என்றால் விநாடிக்கு 88 ஜூல். அப்படியானால் விநாடிக்கு 0.037 கிராம் போதும். ஒரு சொட்டுக்கும் குறைவு! அதே கொஞ்சம் நீர்தான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கு வந்த இரவு நான் தூங்கத் தாமதமானது.

ஆனால் ஹீட் பைப்பின் வேலை தகடுகளோடு முடிந்துவிடுகிறது. தகட்டிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டியது காற்று. சிறிய பெட்டியில் எல்லாம் வந்து நிற்கும் இடம் இதுதான்.

காற்றால் அதிகச் சூட்டைச் சுமக்க முடியாது. ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 1000 ஜூல் வேண்டும். என் கணினி மொத்தம் 100 வாட் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுழையும் காற்று வெளியே போகும்போது 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், விநாடிக்கு 8.3 லிட்டர் காற்று பெட்டி வழியே போயாக வேண்டும். என் பெட்டி பதின்மூன்றரை லிட்டர். ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை பெட்டியில் இருக்கும் காற்று முழுவதும் மாற வேண்டும் என்பது இதன் பொருள். ஏழு லிட்டர் பெட்டியில் 200 வாட் ஓட்டுபவருக்கு விநாடிக்கு இரண்டு முறைக்கு மேல் மாற வேண்டும். சின்னப் பெட்டி கட்டுவதன் உண்மையான கஷ்டம் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

சூடான காற்று தானாக மேலே போகுமே, மேலே ஓட்டை போட்டால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பழைய ரேடியோவில் அதுதான் நடந்தது, ஓட்டு வீட்டுப் புகைக்கூண்டிலும் அதுதான் நடக்கிறது. ஆனால் புகைக்கூண்டின் பலம் அதன் உயரத்தில் இருக்கிறது. என் பெட்டியின் 22 செ.மீ. உயரத்தில், உள்ளே 20 டிகிரி கூடுதல் சூடு இருந்தாலும், சூடான காற்று தரும் உந்தல் சுமார் 0.15 பாஸ்கல்தான் (பாஸ்கல் அழுத்தத்தின் அலகு). 12 செ.மீ. ஃபேன் ஒன்று சாதாரணமாக 15 பாஸ்கல் தரும். நூறு மடங்கு. ஃபேன் சுற்றும்போது சூடான காற்று மேலே போகிறதா கீழே போகிறதா என்பதற்கு மதிப்பே இல்லை, ஃபேன் சொல்லும் பக்கம்தான் போகும்.

ஃபேனே இல்லாமல் செய்து பார்த்தவர்கள் உண்டு. ஆப்பிள் 2000-இல் வெளியிட்ட பவர் மேக் ஜி4 கியூப், சுமார் 20 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம், தெளிந்த அக்ரிலிக் கூட்டுக்குள் இருந்தது. அடியில் காற்று நுழையும், மேலே உள்ள சல்லடை வழியே வெளியேறும். மின்சாரத்தை மாற்றும் பெட்டியை வெளியே தனியாக வைத்து அதன் சூட்டையும் வெளியிலேயே நிறுத்தினார்கள். உள்ளே இருந்தது 450 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், இன்றைய சிப்புகளை ஒப்பிட மிகக் கொஞ்சம் மின்சாரம். 2001 ஜூலையிலேயே அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அது இருக்கிறது. அந்தக் கூட்டுக்குள் மினி ஐடிஎக்ஸ் போர்டு வைத்து மறுபடி உயிர் கொடுத்தவர்கள் பலர். அப்படிச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஒரு ஃபேனையும் சேர்த்தே வைத்தார்கள்.

என் முதல் முயற்சிக்கு வருகிறேன். பின்பக்கம் காற்றை வெளியே தள்ளும் ஒரு ஃபேன். முன்பக்கம் ஸ்பீக்கர் இருந்த வட்டம் வழியே, துணியைத் தாண்டிக் குளிர்ந்த காற்று வரும் என்று எதிர்பார்த்தேன். வேலூரில் மே மாதம், அறைக்குள் 36 டிகிரி. வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையைக் கொடுத்தேன். நான்கே நிமிடத்தில் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. 95-தான் அதற்கு வகுத்த உச்சவரம்பு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹீட்சிங்க் பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை 21, 22 டிகிரி அறையில் அளந்தவை. வெப்பநிலை வேறுபாடு இருந்தால்தான் சூடு நகரும். அதனால் அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி சிப்பிலும் கூடும். அங்கே 78 காட்டிய அதே ஹீட்சிங்க் நம் ஊர் மே மாதத்தில் 92 காட்டும். வாங்கும்போதே 14 டிகிரியைக் கூட்டிப் படியுங்கள்.

சரி, காற்று எங்கே போகிறது என்று எப்படிப் பார்ப்பது? பூஜை அறையிலிருந்து ஊதுபத்தி எடுத்து வந்தேன். பெட்டியின் பின்னால் பிடித்தபோது புகை ஃபேனின் காற்றோடு வெளியே போய், அப்படியே வளைந்து, கேபிள் செருகும் போர்ட்டுகள் இருக்கும் இடத்தைச் சுற்றியிருந்த இடுக்கு வழியே மறுபடி உள்ளே நுழைந்தது. முன்பக்கத் துணியின் அருகே பிடித்தால் புகை நேராக மேலே எழுந்தது, உள்ளே இழுபடவே இல்லை. காற்று தடை குறைந்த வழியைத் தேர்ந்தெடுக்கும். இரண்டடுக்கு ஸ்பீக்கர் துணியைத் துளைத்து வருவதைவிடப் பின்னால் இருந்த ஒரு செ.மீ. இடுக்கில் நுழைவது அதற்கு எளிது. ஆகவே என் கணினி தான் விட்ட சூட்டையே மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது.

திருத்தம் மூன்று. இடுக்குகளை ஸ்பாஞ்ச் டேப் ஒட்டி அடைத்தேன். துணியை எடுத்துவிட்டு, விளக்கில் பிடித்தால் வெளிச்சம் தெரியும் அளவு அகல நெசவுள்ள துணியைக் கட்டினேன். துணிக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒன்றரை செ.மீ. இடைவெளி விட்டேன், தடுப்பு மிக நெருக்கமாக இருந்தால் இறக்கைகள் அதன் அருகே கலங்கிய காற்றை வெட்டி இரைச்சல் போடும். ஆம், ஃபேன் இப்போது முன்னால். பின்னால் இன்னொன்று, அதைவிடக் கொஞ்சம் மெதுவாக. உள்ளே தள்ளும் காற்று வெளியே இழுக்கும் காற்றைவிடக் கூடுதலாக இருப்பதால் பெட்டிக்குள் அழுத்தம் சற்றே அதிகம். நான் அடைக்கத் தவறிய இடுக்குகளில்கூடக் காற்று வெளியேதான் கசியும், உள்ளே வராது. தூசியும் துணியிலேயே தங்கிவிடும், மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டினால் போதும். பிராசசர் 84-க்கு இறங்கியது.

ஃபேனை வேகமாக ஓட்டி இன்னும் குறைத்திருக்கலாம். அது நஷ்டமான வியாபாரம். வேகத்தை இரட்டித்தால் காற்று இரண்டு மடங்குதான் ஆகும். ஃபேன் எடுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும். சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்ற விடுவதே நல்லது. அதற்கு இடம் கொடுக்கும் பெட்டி, சிறியதாக இருந்தாலும், நல்ல பெட்டி.

சூட்டை வெளியேற்றுவதைவிட உண்டாக்காமல் இருப்பது சுலபம். சிப்பில் உள்ள நுண்ணிய சுவிட்சான டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை மாறும்போதும் செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னழுத்தத்தை 10 விழுக்காடு குறைத்தால், அதே வேகத்தில் அந்தச் செலவு 19 விழுக்காடு குறையும். கடைசிக் கொஞ்சம் வேகத்தைப் பிடிக்கத்தான் பிராசசர் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில் மேல்வரம்பை 88 வாட்டிலிருந்து 65 ஆக்கினேன். பத்து நிமிட வீடியோ வேலை பதினொரு நிமிடத்துக்குள் முடிந்தது. வெப்பநிலை 74. பெட்டி அறுத்து, டேப் ஒட்டிப் பெற்றதும், இந்த ஒரு எண்ணை மாற்றியதில் எனக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நம் வெயிலில் சிறிய பெட்டி கட்டும் யாரும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மின்சாரத்துக்கு, 230 வோல்ட்டைக் கணினிக்கு ஏற்ப மாற்றும் வழக்கமான எஸ்எம்பிஎஸ் பெட்டியை உள்ளே வைக்கவில்லை. லேப்டாப் அடாப்டர்போல 19 வோல்ட், 120 வாட் ஒன்று வெளியே. உள்ளே அந்த 19 வோல்ட்டைப் போர்டுக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரிக்கும் சின்ன சர்க்யூட் மட்டும். மாற்றும்போது வீணாகும் பத்துப் பன்னிரண்டு வாட் சூடு மேசைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியம், மரப்பெட்டிக்குள் 230 வோல்ட் நுழையவே இல்லை. எர்த் இணைத்த உலோக உறை இல்லாமல் மரத்துக்குள் மெயின் கரண்ட் வைப்பதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மரத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. உலோகக் கேபினெட் உள்ளிருக்கும் மின்காந்த இரைச்சலை வெளியே விடாமல் தடுக்கும், மரம் தடுக்காது. இயங்கும் கணினிக்கு அருகில் சின்ன ரேடியோவை வைத்து மத்திய அலையில் திருப்பினால் கரகரவென்று கேட்டது. உட்சுவரில் அலுமினிய டேப் ஒட்டி, அதைப் போர்டின் திருகுத் துளைகளோடு இணைத்த பிறகு பெருமளவு அடங்கியது.

தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டுபவர்களின் பாதை வேறு. 7.2 லிட்டர் டான் ஏ4 பெட்டியில் செய்ததுபோல, போர்டையும் கார்டையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, நடுவே நெகிழும் ரைசர் கேபிளால் இணைப்பார்கள். அந்தக் கேபிள் விநாடிக்கு 1600 கோடி முறை மாறும் சிக்னலைச் சுமக்க வேண்டும். தரமில்லாத கேபிளில் சிக்னல் சிதைந்து திரை கறுத்துப்போகும். பயாஸில் அந்த இணைப்பின் வேகத்தை ஒரு தலைமுறை கீழே இறக்கி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாக எஞ்சியது அந்தப் பின்னட்டை. அதை அப்படியே மூடியபோது வெப்பநிலை 6 டிகிரி ஏறியது. ஓட்டைகள் பல இருந்தாலும், மொத்தத் திறப்பு வால்வுகளின் மெதுவான காற்றுக்குப் போதுமானதே தவிர, ஃபேன் தள்ளும் காற்றுக்குப் போதாது. குறுகிய துளைகளில் காற்றின் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். அட்டையை எறிய மனம் வரவில்லை. ஃபேனுக்கு நேரே மட்டும் 11 செ.மீ. வட்டம் அறுத்தேன். எந்த வால்வு எந்த இடத்தில் என்று அச்சிட்ட மஞ்சளித்த தாள் ஒட்டியிருந்த மூலையைத் தொடாமல் விட்டேன். இப்போது அங்கே கை வைத்தால், தாளுக்கு இரண்டு விரல்கடை தள்ளி, வெதுவெதுப்பான காற்று ஒரே சீராக வந்துகொண்டிருக்கிறது.