300 கட்டுரை, எச்-இன்டெக்ஸ் 60: இதய ஆய்வாளரின் கணக்கைப் பிரித்துப் படிக்கும் முறை

விருது அறிவிப்பிலும் மருத்துவமனை விளம்பரத்திலும் இந்த வரி இப்போது தவறாமல் வந்துவிடுகிறது: இத்தனை கட்டுரை, இத்தனை ஆயிரம் மேற்கோள் (மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் சுட்டிய எண்ணிக்கை), எச்-இன்டெக்ஸ் இவ்வளவு. இதயவியலில் இந்த மொத்தத் தொகையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தெந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்று பிரித்தால்தான் விஷயம் தெரியும்.

எச்-இன்டெக்ஸை 2005-ல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவரின் ஆறு கட்டுரைகளுக்கு முறையே 120, 60, 9, 8, 6, 5 மேற்கோள்கள் என்றால் அவருடைய எச் 5. குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்ற ஐந்து கட்டுரைகள் இருக்கின்றன. ஆறு மேற்கோள் பெற்ற ஆறு கட்டுரைகள் இல்லை. அந்த 120 நாளை 12,000 ஆனாலும் எச் 5-தான். சிகிச்சையையே மாற்றிய ஒரு கட்டுரை இந்த எண்ணில் தெரியாமல் போகலாம். வயது கூடக்கூட எண் ஏறுமே தவிர ஒருபோதும் இறங்காது.

இதயவியலில் இன்னொரு சிக்கல், மேற்கோள்களை அள்ளுவது பெரும்பாலும் சிகிச்சை வழிகாட்டிக் குறிப்புகள். அமெரிக்க, ஐரோப்பிய இதயவியல் சங்கங்கள் வெளியிடும் குறிப்பு ஒவ்வொன்றையும் உலகமே மேற்கோள் காட்டும். குழுவில் இருந்த எல்லார் கணக்கிலும் அது முழுதாக ஏறும். அதில் குறையொன்றுமில்லை, ஆனால் அது புதிய கண்டுபிடிப்பு அல்ல.

இதய ஆய்வாளர் சலீம் யூசுப்பின் பட்டியலைப் பாருங்கள். கேரளத்தில் பிறந்து, பெங்களூரு செயின்ட் ஜான்ஸில் படித்து, கனடாவின் மெக்மாஸ்டரில் பணியாற்றியவர். 2000-ல் ஹோப் என்ற ஆய்வு: 9,297 பேரிடம் ரத்த அழுத்த மருந்தான ராமிப்ரில். 2001-ல் க்யூர்: 12,562 பேரிடம் ஆஸ்பிரினுடன், ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல். மாரடைப்பு நோயாளியின் மருந்துச் சீட்டில் இன்றும் வரும் இந்த ஜோடிக்கு அடிப்படையான ஆய்வுகளில் க்யூர் முக்கியமானது. 2004-ல் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட், புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளிட்ட ஒன்பது காரணங்களே மாரடைப்பு அபாயத்தில் பெரும்பங்கை விளக்கிவிடுகின்றன என்று காட்டியது. இந்தப் பட்டியலில் மேற்கோள் எண்ணை மறைத்துவிட்டாலும் ஆய்வுகள் நிற்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1988-ல் வந்த ஐசிஸ்-2 என்ற ஆய்வு, மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுத்தால் உயிர் தப்பும் வாய்ப்பு கூடுகிறது என்று 17,187 நோயாளிகளிடம் நிறுவியது. ஆசிரியர் இடத்தில் இருந்தது ஆய்வுக் குழுவின் பெயர் மட்டுமே. அதை வடிவமைத்து நடத்தியவர்களின் சொந்தக் கணக்கில் இந்த மேற்கோள்கள் தானாகச் சேராது.

மேற்கோள் என்றாலே பாராட்டு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பியரோ அன்வெர்சா என்ற இதய ஆய்வாளரின் குழு 2001-ல், எலும்பு மஜ்ஜைச் செல்கள் பழுதான இதயத் தசையை மீண்டும் வளர்க்கின்றன என்று நேச்சர் இதழில் எழுதியது. 2004-ல் அதே இதழில் இரண்டு குழுக்கள், செய்து பார்த்தோம், அப்படி நடக்கவில்லை என்று எழுதின. அந்த மறுப்புகளும் மேற்கோள்களாகவே எண்ணப்படும்! 2018-ல் ஹார்வர்டு, அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறுமாறு ஆய்விதழ்களைக் கேட்டது. இதயச் செல் சிகிச்சை பற்றி அவரும் பங்கேற்று 2011-ல் லான்செட் இதழில் வந்த சிப்பியோ ஆய்வு 2019-ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அது எத்தனையோ நோயாளிகளுக்கு நம்பிக்கை கொடுத்திருந்தது.

ஒருவரின் கணக்கைச் சரிபார்க்க அரை மணி நேரம் போதும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் தொடங்கலாம், ஆனால் அங்கேயே நிற்க வேண்டாம். ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம் எல்லாவற்றிலும் வரும் மேற்கோள்களை அது எண்ணுவதால் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தைவிட எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அடுத்து, மருத்துவக் கட்டுரைகளின் இலவசத் தேடுதளமான பப்மெட்டில் அட்வான்ஸ்டு தேடலுக்குப் போய், பெயரை முதல் ஆசிரியராக ஒரு முறை, கடைசி ஆசிரியராக ஒரு முறை தேடுங்கள். மருத்துவத்தில் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது என்பது வழக்கம். 300 கட்டுரையில் இந்த இரண்டு இடங்களிலும் சேர்த்து 15 தான் தேறுகிறது என்றால், மீதி பெரும்பாலும் கூட்டத்தோடு கூட்டமாக வந்த பெயர். பிறகு இடப்பக்க வடிகட்டியில் மருத்துவப் பரிசோதனை, ரிவ்யூ (பிறர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதுவது) என்று வகை பிரியுங்கள்.

நம் பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். 'குமார் எஸ்' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். தலைப்பெழுத்தை விரித்து, அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டு வெளிநாடு போனவரின் பட்டியல் இரண்டாக உடைந்திருக்கும். ஸ்காலர் பக்கத்தில் அடுத்தவர் கட்டுரை தானாக வந்து ஒட்டிக்கொள்வதும், அதை யாரும் நீக்காமல் விடுவதும் சகஜம். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும், ஆர்கிட் எனப்படும் 16 இலக்க அடையாள எண் இருந்தால் அதைக்கொண்டு தேடுவதே நல்லது.

துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் மாறும். பிறவி இதயக் குறைபாட்டு ஆய்வாளரை மாரடைப்பு ஆய்வாளரோடு எண்ணால் ஒப்பிடுவது நியாயமில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் என்ற இலவசத் தளத்தில் பப்மெட் எண்களை இட்டால், அதே துறையின் சராசரிப் போக்கோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும். 1.0 என்றால் அந்நிறுவனம் நிதியளித்த கட்டுரைகளின் நடு அளவு. புதிய கட்டுரைகளுக்கு இந்த மதிப்பு நிலைபெற ஓரிரு ஆண்டுகள் ஆகும். திரும்பப் பெறப்பட்டவை பப்மெட்டில் தலைப்புக்கு மேலேயே எச்சரிக்கையோடு காட்டப்படும். ஸ்காலரின் மொத்தத் தொகையிலிருந்து அவை கழிக்கப்படுவதில்லை.