யெஸ் அடிப்பதற்கு முன்னால்

பெங்களூரு அல்சூரில் ஒரு பி.ஜி.யில் தங்கி எம்.டெக் படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, காலேஜ் லினக்ஸ் மெஷினுக்கு முதல் தடவை எஸ்எஸ்ஹெச் போட்டா, இந்த மெஷின நம்பலாமான்னு ஏதோ கேக்குது. யெஸ் அடிச்சிரலாம்ல?" எஸ்எஸ்ஹெச் என்பது தூரத்து மெஷினுக்குள் பூட்டிய வழியாக நுழைய உதவும் புரோகிராம். அது கேட்டால் எல்லோரும் அப்படித்தான் அடிக்கிறோம். ஆனால் விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முன்பு இதே வேலைக்கு டெல்நெட் இருந்தது, பாஸ்வேர்டு அப்படியே எழுத்து எழுத்தாக வயரில் போகும். 1995-ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ அதை ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளை அள்ளிவிட, அங்கிருந்த தாத்து இலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார்.

எல்லோரும் பார்க்கும் வயரில் ரகசியம் எப்படி உருவாகும்? 2, 13 என்ற எண்கள் ஊருக்கே தெரியும் என்று வையுங்கள். லேப்டாப் மனதுக்குள் 5-ஐ எடுக்கிறது, ஐந்து 2-களைப் பெருக்கினால் 32, அதை 13-ஆல் வகுத்தால் மீதி 6, அந்த 6 மட்டும் வயரில் போகிறது. சர்வரின் ரகசியம் 4. நான்கு 2-களைப் பெருக்கினால் 16, மீதி 3, அதை இந்தப் பக்கம் அனுப்புகிறது. இப்போது லேப்டாப் ஐந்து 3-களைப் பெருக்குகிறது: 243, மீதி 9. சர்வர் நான்கு 6-களைப் பெருக்குகிறது: 1296, மீதி அதே 9! வயரில் 9 போகவே இல்லை. இந்த ரகசியத்தை வைத்துத்தான் அதன் பிறகு போகும் எல்லாவற்றையும் பூட்டுகிறார்கள். 1976-ல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட இந்த யோசனை எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். நிஜத்தில் எண்கள் மிகப் பெரியவை, ஒட்டுக்கேட்பவரால் ரகசியத்தைத் திருப்பிக் கணக்கிட முடியாது.

சரி, ஆனால் அந்த 9-ஐ யாரோடு பேசி முடித்தோம்? நடுவில் ஒருவர் காலேஜ் மெஷின் மாதிரி நடித்தாலும் கணக்கு சரியாகத்தான் வரும். அதனால்தான் சர்வர் தன் சொந்த ரகசியச் சாவியால் கையெழுத்துப் போடுகிறது, அதன் ஜோடியான பொதுச் சாவியின் கைரேகைதான், அதாவது சுருக்கமான அடையாளம்தான், திரையில் தெரியும் 43 எழுத்து. தம்பி மறுநாள் லேபுக்கே போய் அட்மினிடம் அதை வாங்கி ஒப்பிட்டுவிட்டுத்தான் யெஸ் அடித்தான். ஒருமுறை அடித்தால் லேப்டாப் நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஒப்பிடாமல் அடித்து, எதிரே இருந்தது போலி மெஷின் என்றால், நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு பத்திரமாகப் பூட்டப்பட்டு நேராகத் திருடன் கைக்கே போகும். பாஸ்வேர்டுக்குப் பதில் உங்களுக்கென ஒரு சாவி ஜோடி செய்துகொண்டால் அந்தப் பயம் இல்லை. ரகசியச் சாவி லேப்டாப்பை விட்டு வெளியேறாது, கையெழுத்து மட்டும் போகும், அதுவும் அந்த ஒரு இணைப்புக்குத்தான் செல்லுபடியாகும்.

அப்புறம், என்றைக்காவது சர்வரின் சாவி மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வரும். நடுவில் போலி மெஷின் இருந்தாலும் சரி, காலேஜ் மெஷினில் லினக்ஸைப் புதிதாகப் போட்டிருந்தாலும் சரி, இதே எச்சரிக்கைதான். லேப்டாப் நினைவில் வைத்திருக்கும் பழைய சாவியின் வரியை அழிக்கும் முன் அட்மினுக்கு ஒரு போன் போடுங்கள்.