கடற்கரையில் ப்ரொபோஸ் செய்யப்போகிறீர்களா? படம் எடுப்பவன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்

ஒருவர் எல்லாத் திட்டத்தையும் கச்சிதமாகப் போட்டிருந்தார். முந்தைய சனிக்கிழமை மாலையே போய் இடம் பார்த்து, மணலில் எங்கே மண்டியிடுவது என்பதுவரை எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அடுத்த சனிக்கிழமை அதே நேரத்துக்குப் போனால் அந்த இடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர்.

கடல் ஏற்றம் தினமும் ஒரே மணிக்கு வராது. பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். போன வாரம் வற்றியிருந்த கரை இந்த வாரம் அதே நேரத்தில் நிரம்பியிருப்பதில் ஆச்சரியமே இல்லை. அதனால் இடத்தை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்தை மட்டும் அந்தத் தேதிக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறும், வற்றும் நேரப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம் வெளிச்சம். சூரியன் கடலில் மறையும் கரை என்றால் கடைசி அரை மணி நேரம்தான் நமக்கு. கையை நீட்டி, சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் நடுவே எத்தனை விரல் அடங்குகிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். துல்லியக் கணக்கு இல்லை, ஆனாலும் கைகொடுக்கும்.

இனி, நான் வாடிக்கையாளர்களை நிற்கவைத்துப் பழக்கும் விஷயம். பதற்றத்தில் பலர் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்டியிட்டுவிடுகிறார்கள். அல்லது கேட்கப்படுபவரின் முகம் கடலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அந்த நொடியில் நான் என்ன செய்தாலும் கிடைப்பது இரண்டு முதுகுகள்தான். இருவரும் கரைக்கு இணையாக, ஒருவரை ஒருவர் பார்த்து நிற்க வேண்டும். கேமரா பக்கம் இருக்கும் முழங்காலை மணலில் ஊன்றுங்கள்; மறு கால் உயர்ந்திருந்தால் மோதிரத்தை மறைக்காது. பெட்டியைப் பிடிப்பது கேமராவுக்குத் தள்ளியிருக்கும் கையில். வீட்டில் கண்ணாடி முன் நான்கு முறை செய்து பாருங்கள், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை.

மோதிரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தயாராகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஈரக் கை, நடுக்கம், மணல். விழுந்துவிட்டால் இருந்த இடத்திலேயே நில்லுங்கள், சுற்றி மிதிக்காதீர்கள். காந்தம் கொண்டுவந்து தேடிய நல்ல மனிதர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தங்கம் காந்தத்தில் ஒட்டாது.

என் பக்க வேலை எளிது. தூரத்தில் இருப்பதை நெருக்கமாகக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸ், இருபத்தைந்து மீட்டர் தூரம், அசைவு மங்காமல் இருக்க ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையாமல், சத்தம் வராத முறையில் தொடர் படங்கள். பின்னால் வெயில் இருந்தால் முகம் இருண்டுவிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டிக்கொள்வேன். ட்ரோன் வேண்டுமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன். அதன் ரீங்காரம் கேட்டதும் கரையில் இருக்கும் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், ரகசியம் அங்கேயே முடிந்தது.

இதற்கெல்லாம் முன்னால், முன்பணம் வாங்குவதற்கும் முன்னால், நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உங்களுக்குள் கல்யாணப் பேச்சு வந்திருக்கிறதா? இல்லை என்றால் அந்த வேலையை எடுப்பதில்லை. எப்போது, எங்கே என்பது தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சே புதிதாக, நூறு பேர் கைதட்டக் காத்திருக்கும் இடத்தில் வந்தால், எதிரில் நிற்பவர் மனதில் இருப்பதைச் சொல்ல முடியாமல் தலையாட்டிவிடுவார். ஒருமுறை வ்யூஃபைண்டரில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்தேன். கேமராவை இறக்கிவிட்டேன். எடுத்த சில படங்களையும் அவர் கேட்டபடி அன்றே அழித்தேன். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் இந்தக் கேள்வி. கல்யாணத்துக்குச் சம்மதம் கிடைத்த தருணத்தின் படங்களைக்கூட, இருவரும் சரி என்று சொல்லாமல் நான் வெளியே போடுவதில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் பத்து நிமிடம் அவர்கள் பக்கத்தில் போகமாட்டேன். கண்ணைத் துடைப்பது, மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, அம்மாவுக்கு போன் போடுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். தூரத்தில் இருந்தே எடுப்பேன். அதற்குப் பிறகு மெதுவாக நடந்துபோய், "மன்னிக்கணும், நான் பறவை படம் எடுக்க வந்தவன் இல்லை" என்பேன்.